தறிச் சத்தத்தில் தூங்கிய வெள்ளச்சி

வேனின் பின்கதவைத் திறந்தபோது தெருவே கூடி நின்றது. கூண்டுக்குள் ஒரு வெள்ளை நாய். இடது காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. கருத்தடை ஆபரேஷன் முடிந்தது, வெறிநோய்க்கு ஊசியும் போட்டாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம்.

"வந்துட்டா நம்ம வெள்ளச்சி" என்று யாரோ சொன்னார்கள். அவளுக்குச் சோறு போடுகிற முத்துலட்சுமி கையில் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். பால்சோறு. மேலே ஒரு முட்டை வேறு உடைத்துப் போட்டிருந்தாள். எனக்குக்கூட யாரும் அப்படி ஒரு வரவேற்பு கொடுத்ததில்லை.

காலையில் போன கரண்டு அந்த நேரம் பார்த்து வந்தது. தெருவில் இருந்த விசைத்தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. காலுக்குக் கீழே தரை தடதடவென்று அதிர்ந்தது. கூண்டிலிருந்து இறங்கிய நாய் நடுநடுங்கிப்போய் வேனுக்கு அடியில் புகுந்துகொண்டது.

முத்துலட்சுமி நின்றுவிட்டாள். குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தாள். நிமிர்ந்து என்னிடம் ஏதோ சொன்னாள். அந்தச் சத்தத்தில் ஒரு எழுத்துகூட என் காதில் விழவில்லை. ஆனால் கையை விரித்து இரண்டு பக்கமும் ஆட்டினாளே, அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்தது.

இது எங்கள் நாய் இல்லை.

பயந்தாங்கொள்ளிக்கு வந்த வேலை

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு என் லட்சணம் தெரியும். எனக்கு நாய் என்றால் பயம். தளவாய்புரத்தில் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு செவலை நாய் துரத்தி, பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியில் தாவி ஏறி, சேத்தூர் வரைக்கும் போய்விட்டேன். அன்று அம்மாவிடம் வாங்கிய அடிக்கு அந்த நாயே கடித்திருக்கலாம்.

அப்படிப்பட்ட எஸ்தருக்கு ஆண்டவர் கொடுத்த வேலையைப் பாருங்கள். மகளிர் குழுக்களில் பல வருஷம் அலைந்தவள் என்று தெருநாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு சின்ன அமைப்பில் கூப்பிட்டார்கள். வேன் வருவதற்கு முன்னால் தெருத் தெருவாகப் போய்ப் பேச வேண்டும். "நாயைத் தொட வேண்டியதில்லையே?" என்று கேட்டுக்கொண்டுதான் சேர்ந்தேன். "மனுஷங்ககிட்ட பேசினா போதும்க்கா" என்றார் எங்கள் டாக்டரம்மா. சின்ன வயசு. மனுஷர்களைப் பற்றி அவருக்கு அப்போது அவ்வளவாகத் தெரியாது.

பேசப் போனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு வழக்கு. வாயில்லா ஜீவனை அறுக்கலாமா என்பார்கள். ஊசி போட்டால் நாய்க்கு வெறி பிடித்துக் கடித்துக் கொன்றுவிடும் என்பார்கள். ஆபரேஷன் பண்ணிய நாய் குரைக்காது, காவல் காக்காது என்று ஒரு புரளி எந்தத் தெருவுக்குப் போனாலும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

"ஏட்டி, உனக்கும் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணித்தான விட்டாங்க? உனக்குப் பேச்சு கொறஞ்சு போச்சா?" என்று கேட்பேன். உடனே உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர், "கொறைஞ்சிருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்" என்பார். சிரிப்பு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதிக்கு டீ குடிக்க வேண்டும். சர்க்கரை எனக்கு ஏறியதற்கு இந்த வேலையும் ஒரு காரணம்.

நாயைக் கூப்பிடுவதிலும் தெருவுக்குத் தெரு ஒரு முறை உண்டு. தளவாய்புரத்தில் "தோ... தோ..." என்போம். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற வீடுகளில் "ரா, ரா" என்பார்கள். ஒரு வீட்டில் நான் "வா, வா" என்று எவ்வளவோ கூப்பிட்டும் நாய் அசையவில்லை. வீட்டம்மா ஒரு "ரா" போட்டதும் என் மடியிலேயே வந்து விழுந்தது. நான் போட்ட சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாயைக் கூப்பிடவே கூப்பிடாத ஒரு தெருவையும் பார்த்தேன்.

கையால் பேசுகிறவர்கள்

சத்திரப்பட்டி ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிற தறித் தெரு அது. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி அங்கேதான் நெய்கிறார்கள். வீட்டுக்கு வீடு விசைத்தறி. காற்றில் எப்போதும் பஞ்சு பறக்கும். அங்கே டீ குடித்தால் டீயிலும் ஒரு நூல் மிதக்கும்.

தறி ஓடும்போது வாயைத் திறந்து பிரயோஜனம் இல்லை. அதனால் எல்லாமே கைதான். டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார், மாமியார் வந்து நிற்கிறாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை. நூல் அறுந்துவிட்டால் தறியை நிறுத்திவிட்டு, பக்கத்துத் தறிக்காரி பார்க்கிற மாதிரி கையைத் தலைக்கு மேலே தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருகிக் காட்டுவார்கள். முடிச்சுப் போட வா என்று அர்த்தம்.

முத்துலட்சுமி கையைத் தூக்கித் திருகினால் பக்கத்துத் தறிக்காரி மட்டும் வரமாட்டாள். தறிக்குப் பக்கத்தில் கழிவு நூல் குவியலில் படுத்திருக்கும் வெள்ளச்சியும் எழுந்து வருவாள். வந்து காலடியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்ப்பாள். "ஆளோட ஆளா வேலைக்கு வாரா பாருங்க" என்று தெருவில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த இரைச்சலில் ஒரு நாய் எப்படித்தான் அப்படி நிம்மதியாகத் தூங்குகிறதோ என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பழகிவிட்டது என்றார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

மம்பட்டி

முத்துலட்சுமிக்கு நாற்பது வயது இருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். தெருக்கூட்டத்தில் நான் தொண்டை வற்றப் பேசி முடித்து, "யாரு மொதல்ல நாயைக் குடுக்கிறிய?" என்று கேட்டேன். ஒருத்தரும் அசையவில்லை. அவள் எழுந்து, "வாங்க அக்கா" என்று என்னைத் தறிக்கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

சீமைக்கருவேல மரத்தடியில் சின்னச் சின்ன மண்மேடுகள். மழையில் கரைந்தவை சில, புதுசு சில. கொட்டகைச் சுவரில் மண் ஒட்டிய ஒரு மம்பட்டி சாய்ந்திருந்தது.

"ஈத்துக்கு ஆறேழு குட்டி போடுவா. நூல் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது அடிபட்டு ரெண்டு போகும். வயித்தால போயி ரெண்டு போகும். நாந்தான் குழி தோண்டுவேன். அவ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. ஒருதடவை நான் மூடுன குழியத் தோண்டி எடுத்துட்டு வந்து, நக்கி நக்கிப் பாத்தா." முத்துலட்சுமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே என்னால ஏலாதுக்கா. கூட்டிட்டுப் போங்க. ஆனா திரும்பக் கொண்டாந்து விட்ருவியள்ல?"

"நானே கொண்டாந்து விடுதேன்" என்றேன்.

முத்துலட்சுமி கொடுத்ததைப் பார்த்துத் தெருவில் இன்னும் சில பேர் மனசு மாறியிருந்தார்கள். "வெள்ளச்சி நல்லபடியா வரட்டும். பொறவு எங்க கருப்பனையும் குடுக்கோம்" என்றார்கள். பக்கத்துக் கிராமத்தில் வெறிநாய் கடித்து ஒரு கன்றுக்குட்டி செத்துப்போயிருந்த நேரம் அது. தெரு நாய்களுக்கெல்லாம் ஊசி போட்டுவிட வேண்டும் என்று டாக்டரம்மா தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார். எல்லாம் வெள்ளச்சி திரும்பி வருவதில்தான் இருந்தது.

வந்து இறங்கியது வேறு நாய்.

இரண்டு வெள்ளைகள்

வெளியூர்க்காரர்கள் ராஜபாளையத்தில் இறங்கியதும் கண்ணில் படுகிற வெள்ளை நாயை எல்லாம் போட்டோ எடுப்பார்கள். அசல் ராஜபாளையம் நாய் இப்போது தெருவில் எங்கே இருக்கிறது? ஆனால் அந்த ரத்தம் கொஞ்சம் கலந்தது நிறைய உண்டு. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, நீளக் கால். எங்கள் அமைப்பின் கொட்டகையில் அந்த வாரம் அப்படி இரண்டு பெட்டைகள் இருந்தன. ஒன்று வெள்ளச்சி, இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெரு ஒன்றில் பிடித்தது. கழுத்தில் கட்டிய நம்பர் பட்டையை இரண்டும் கடித்துத் துப்பியிருந்தன. பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்பதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம். அன்று காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட்டது வெள்ளச்சியை.

தெருவில் சும்மா விடுவார்களா? "எங்க நாயக் கொண்டுபோயி எந்தக் குழியில போட்டிய?" என்று ஒருத்தி தறிச் சத்தத்துக்கு மேலே என்னைப் பார்த்துக் கத்தினாள். இன்னொருத்தி முத்துலட்சுமியிடம் போய், "உன் பேச்சக் கேட்டு நாங்களும் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று முகத்துக்கு நேராகக் கத்தினாள். முத்துலட்சுமி பால்சோற்றுக் கிண்ணத்தை வேனுக்கு அடியில் அந்த நாய்க்கே தள்ளி வைத்துவிட்டு என் காதருகில் வந்தாள்.

"இதுவும் எங்கயோ வழி தவறி வந்ததுதான" என்றாள். பிறகு இன்னும் நெருங்கி, "அக்கா, அவளுக்குத் தையல் இன்னும் சரியா ஆறிருக்காதே. வேத்தூர் நாயெல்லாம் கடிச்சு வைக்குமே" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்குப் போய் அன்று நான் சாப்பிடவில்லை. நாய்க்குப் பயந்த எஸ்தர் ஒரு நாய்க்காக ஜெபம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

தொண்டை கிழிய

மறுநாள் முத்துலட்சுமி தறிக்குப் போகாமல் எங்களோடு வேனில் ஏறினாள். கூண்டில் அந்த இன்னொரு வெள்ளை நாய். டிரைவர் சேவியர் அண்ணன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினார். மேற்கே மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. மழை வந்தால் தையல் நனையுமே என்று அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெருமுனையில் இறங்கியதும் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து ஓடி வந்தார். "பால்கோவா! எங்கட்டி போன?" கூண்டுக்குள் இருந்தது வாலோடு சேர்த்து உடம்பையே ஆட்டியது. ஊருக்கேற்ற பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

"நேத்து நீங்க எறக்கிவிட்டது எங்க பால்கோவா இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். பேரச் சொல்லிக் கூப்பிடுதேன், திரும்பிக்கூடப் பாக்காம போகுது. பெரிய வீட்டுப் பிள்ள மாதிரி" என்றார் பூக்கார அம்மா.

தேடத் தொடங்கினோம். முத்துலட்சுமி "வெள்ளச்சீ... வெள்ளச்சீ..." என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். தறிச் சத்தத்துக்குள்ளேயே இருந்தவளுக்குத் தெருவில் நின்று கத்திப் பழக்கம் இல்லை. குரல் சீக்கிரமே கம்மிவிட்டது. பிறகு நான் கூப்பிட்டேன். சேவியர் அண்ணன் விசில் அடித்தார். தேரடி, பஸ் ஸ்டாண்டு, பால்கோவா கடைகளின் பின்சந்து எல்லாம் பார்த்தாயிற்று. யாரோ சொன்னார்கள் என்று கிருஷ்ணன்கோவில் வரைக்கும் போனோம். காலேஜ் பஸ் நிற்கிற இடத்தில் பிள்ளைகள் ஒரு வெள்ளை நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஆண் நாய், கடுவன்.

மத்தியானம் திரும்பிவந்து பூக்கார அம்மாவின் நிழலிலேயே உட்கார்ந்தோம். அவர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தன் பாட்டுக்குச் சொன்னார்: "நல்ல தைரியமான நாய்தான். நேத்து சாயங்காலம் மண்டபத்துல கல்யாணம். மாப்பிள்ள அழைப்புக்குச் சரவெடி போட்டாம் பாருங்க, தெருவுல ஒரு நாய் கெடையாது, அம்புட்டும் ஓடிருச்சு. அது மட்டும் அசராம படுத்திருந்துச்சு. முதுகக் காட்டிக்கிட்டு."

முத்துலட்சுமி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். 

"அக்கா... அவளுக்குக் காது கேக்காதோ?"

நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். இந்த வெள்ளை இனத்தில் பிறவியிலேயே காது கேளாதவை நிறைய உண்டு என்று சொன்னார். ஆபரேஷன் அன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாததை, பயத்தில் இருக்கிறது என்று நினைத்தாராம்.

வருஷக்கணக்காக ஒரு தெருவே அந்த நாய்க்குச் சோறு போட்டிருக்கிறது. ஒருத்தருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்தத் தெருவில் யாரும் யாரையும் வாயால் கூப்பிடுவதில்லை. எல்லோரும் கையை ஆட்டினார்கள், அதுவும் வந்தது. லாரி ரிவர்ஸ் வருகிற சத்தம் கேட்காமல் குட்டிகளை அங்கேயே போட்டுவைத்ததும் அதனால்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முத்துலட்சுமிக்கும் உறைத்திருக்க வேண்டும். அவள் அழுதுகொண்டே எழுந்தாள்.

"கூப்பிட வேண்டாம்க்கா. அவளுக்குத் தரை அதிரணும். குட்டியிலருந்தே தறிப் பக்கத்துல கெடந்தவ. இங்க அதிர்ற எடம் எங்க இருக்கு?"

"பின்னால மாவு மில் இருக்கு. வேற என்ன இருக்கு?" என்றார் பூக்கார அம்மா.

நூல் அறுந்தது

மாவு மில் வாசலில் வறுத்த மல்லி வாசனை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுவர், படி, மிதியடி எல்லாம் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஒரு மாவுக் குவியல் மூச்சு விட்டது.

வெள்ளச்சிதான். அதிர்கிற சுவரில் முதுகை ஒட்டிவைத்து, மூக்கைக் காலுக்குள் புதைத்துப் படுத்திருந்தாள். பின்னங்காலில் கடிபட்ட காயம். தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சேவியர் அண்ணன் வலையோடு மெல்ல நெருங்கினார். அவர் நிழல் பட்டதும் அவள் திடுக்கிட்டு எழுந்து பல்லைக் காட்டினாள். பின்னால் நகர்ந்தாள். இன்னும் நாலடி நகர்ந்தால் மெயின் ரோடு, பஸ்கள் பறந்துகொண்டிருந்தன. ஓடினால் தொலைந்தது. கேட்காத நாய்க்கு ஹாரன் அடித்து என்ன பயன்? 

"அண்ணே, நில்லுங்க" என்றாள் முத்துலட்சுமி.

அவள் கிட்டே போகவில்லை. எதிரே, வெள்ளச்சியின் கண்ணுக்கு நேராக, கொஞ்ச தூரத்தில் போய் நின்றாள். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருகினாள்.

வெள்ளச்சி பார்த்தாள். காது இரண்டும் பின்னால் மடிந்தன. ஒரு கால் எடுத்து வைத்தாள், நின்றாள். முத்துலட்சுமி மறுபடியும் திருகினாள். அவ்வளவுதான். நொண்டிக்கொண்டே ஓடி வந்து, எப்போதும் போல அவள் காலடியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். நூல் எங்கே அறுந்தது என்று கேட்கிற மாதிரி இருந்தது.

முத்துலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தொண்ட கிழியக் கூப்பிட்டேனேட்டி. ஒரு கையத் தூக்கிருந்தா போதுமே. இது தெரியாம இருந்துட்டேனே" என்று அதன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாவெல்லாம் அவள் சேலையில். மில்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். சேவியர் அண்ணன் வலையைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். நான் சாக்கெல்லாம் தேடவில்லை, நன்றாகவே அழுதேன்.

தெருவுக்குள்

நாங்கள் திரும்பி வந்தபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முத்துலட்சுமி நடக்க, பின்னாலேயே வெள்ளச்சி. முதல் வீட்டுக்காரி பார்த்துவிட்டுத் தறியை நிறுத்தினாள். அடுத்த வீட்டிலும் நின்றது. ஒவ்வொன்றாகத் தெரு முழுக்க நின்றுபோனது. கரண்டு இருக்கிற பட்டப்பகலில் அந்தத் தெருவில் காக்கா கத்துவதை அன்றுதான் கேட்டேன்.

தரை அதிராமல் போனதும் வெள்ளச்சி மிரண்டு நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஓட்டுங்க, ஓட்டுங்க. அவ பயப்படுதா" என்று முத்துலட்சுமி கையைக் காட்டினாள். தறிகள் மறுபடி ஓடின. வெள்ளச்சி நேராகப் போய்க் கழிவு நூல் குவியலில் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டாள்.

முந்தின நாள் முகத்துக்கு நேராகக் கத்தியவள்தான் முதலில் வந்து என் காதில் கத்தினாள். "எங்க கருப்பனையும் கொண்டுபோங்க. ஆனா ஒண்ணு, திரும்ப எறக்கிவிடும்போது வேன்ல எங்க தெரு ஆள் ஒண்ணு இருக்கணும். நீங்க எல்லா நாயும் ஒண்ணுன்னு நெனைக்கிறிய." அவள் சொன்னதில் என்ன தப்பு? அன்றிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் அந்தத் தெருப் பெண் ஒருத்தி எங்கள் வேனில் ஏறித் தன் நாய்களை அடையாளம் சொல்லி இறக்கிவிடுகிறாள். அந்தத் தறித் தெருவில் இன்று ஊசி போடாத நாய் இல்லை. லாரி டிரைவர்களும் ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கிப் பின்னால் பார்க்கிறார்கள். பார்க்காதவர்களுக்குத் தெருவே சேர்ந்து சைகையால் திட்டுகிறது. அந்தச் சைகைகளை எல்லாம் இங்கே விவரிக்க முடியாது.

போன மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் போயிருந்தேன். முத்துலட்சுமி வீட்டு வாசலில் தண்ணீர் கட்டி நின்றது. "ஒரு மம்பட்டி எடுத்துட்டு வாட்டி, ஒரு வாய்க்கால் இழுத்து விட்ருவோம்" என்றேன்.

உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் தேடினாள். கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். சீமைக்கருவேல மரத்தடியில் புல் முளைத்து மேடு பள்ளம் தெரியாமல் கிடந்தது. போகிற இடமெல்லாம் வெள்ளச்சி அவள் பின்னாலேயே போய்விட்டு வந்தாள். நான் காலை இழுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். வெள்ளச்சி வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தாள். கனமாக, சூடாக இருந்தது.

முத்துலட்சுமி வெறுங்கையோடு திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"எங்க வச்சேன்னே தெரியலையே அக்கா" என்றாள்.